பயத்துக்கு அடிக்கிற மருந்து

"விவசாயிக்குப் படிப்பில்லை, அதான் கண்டபடி பூச்சிமருந்து அடிக்கிறார்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தப்புங்க! ஒரு போகம் போனால் கடன் யார் தலையில்? பூச்சியைக் கண்டதும் மருந்தடிப்பது அவருக்குத் தெரிந்த ஒரே காப்பீடு.

இந்தோனேசியாவைப் பாருங்கள். மருந்து சிலந்திகளைக் கொன்றது. சிலந்திக்கு இரையான புகையான் பெருகி நெல்லை அழித்தது. 1986-ல் அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. அதோடு நிற்கவில்லை. 1989-ல் வயல்வெளிப் பள்ளிகள் வந்தன. விவசாயிகள் வாராவாரம் வயலில் இறங்கி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். மருந்தடிப்பது குறைந்தது.

துண்டுப்பிரசுரம் நீட்டி "அடிக்காதே" என்றால் யார் கேட்பார்? தன் வயலில் தானே எண்ணிப் பார்த்தவருக்குத்தான் பொறுத்திருக்கத் தைரியம் வரும். குறை அவர் படிப்பில் இல்லை, நாம் சொல்லிக்கொடுக்கிற விதத்தில். என்ன சொல்றீங்க?