குருக்ஷேத்திரம் எங்கே?

குருக்ஷேத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், டில்லிக்கு வடக்கே ரயிலேறிப் போகலாம் என்று பள்ளிக்கூடத்துப் பையனே சொல்லிவிடுவான். காந்தியடிகளோ மனிதனுடைய நெஞ்சைச் சுட்டிக் காட்டினார்.

1889-ஆம் வருஷம் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் முதன்முதலாகக் கீதையைப் படித்தார். அதுவும் எட்வின் ஆர்னால்டின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பின் துணையோடு! பின்னர் அவர் அதைக் குஜராத்தியில் பெயர்த்து, 'அநாஸக்தி யோகம்' என்று பெயரிட்டார். 1930 மார்ச் 12-ந் தேதி, தண்டி யாத்திரை புறப்பட்ட அதே தினத்தில், அது வெளியாயிற்று. சரீரமே போர்க்களம், துரியோதனாதியர் நம்முடைய தீய நினைவுகள், கண்ணன் உள்ளே உறையும் அந்தரியாமி என்பது அவர் கொண்ட பொருள். நம் பாரதியாரும் தமது கீதை முன்னுரையில் இதே வழியில்தான் போகிறார். ஈசுவரன் எல்லா உயிர்களின் இருதயத்திலும் வீற்றிருப்பதாகப் பதினெட்டாம் அத்தியாயத்தில் கண்ணனே கூறுகிறான். ஆகவே, தேரோட்டியை உள்ளே தேடுவதற்கு நூலிலேயே அநுமதி உண்டு.

ஆனால் எல்லோரும் இதை ஒப்பவில்லை. வங்காளத்து அநுசீலன் சமிதியார் கீதையை வைத்துப் பிரமாணம் செய்துகொண்டு ஆயுதம் எடுத்தார்கள். 1915-இல் வெளிவந்த 'கீதா ரகசிய'த்தில் திலகர் கண்டது கர்ம யோகம். யோகியான அரவிந்தரே, பாரதம் முழுவதையும் அகப்போரின் உருவகமாக்கிவிடுவதை மறுத்தார். அவர் மறுத்ததில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பீஷ்மரையும் துரோணரையும் வெறும் மனோவிகாரங்களாகக் கரைத்துவிட்டால், பாட்டனாரையும் ஆசாரியரையும் எதிரே கண்டு அர்ஜுனன் உடல் நடுங்கியதற்கு என்ன அர்த்தம்? முதல் அத்தியாயத்தின் துயரம் பொய்த்துயரம் ஆகிவிடாதா?

காந்தியடிகள் இதற்கு வியாகரணத்தைக் கொண்டு விடை சொல்லவில்லை. கீதையின் எழுத்தை மட்டும் பார்த்தால், பலனைத் துறந்தவன் போர் புரியலாம் என்று வாதிக்க இடமுண்டு என்பதை ஒப்புக்கொண்டுவிட்டார். நாற்பது வருஷம் அதன்படி வாழ முயன்று பார்த்ததில், அஹிம்சையின்றிப் பூரணத் துறவு கைகூடாது என்று கண்டதாக மட்டும் எழுதினார். பண்டிதர்களுக்கு இது பிரமாணமாகாது. நமக்கோ, வேறெந்த பாஷ்யத்தையும்விட இதுவே கனமாகத் தோன்றுகிறது.

உள்ளுறைப் பொருள் காண்பதில் ஓர் அபாயமும் இருக்கிறது. துரியோதனன் என்னும் பெயரை அண்டை வீட்டுக்காரனுக்கோ, அடுத்த மதத்தானுக்கோ சூட்டிவிடுவது எவ்வளவு சுலபம்! அப்படிச் சூட்டிய கணமே போர்க்களம் வெளியே வந்துவிடுகிறது. அந்தப் பெயரைத் தனக்கே சூட்டிக்கொள்கிறவன்தான் காந்தியடிகள் சொன்ன களத்தில் நிற்கிறான்.

ஆசிரமத்து மாலைப் பிரார்த்தனைக்கு அவர் தேர்ந்தெடுத்தது இரண்டாம் அத்தியாயத்தின் இறுதிப் பத்தொன்பது சுலோகங்கள். அவற்றில் வில்லும் இல்லை, அம்பும் இல்லை. அவயவங்களை உள்ளிழுத்துக்கொள்ளும் ஆமையும், காற்றில் அடிபட்டுப் போகும் தோணியும், நதிகள் எத்தனை வந்து கலந்தாலும் நிலை குலையாத கடலுமே இருக்கின்றன.