குதிரைக்குக் குளிர் எதிரியல்ல

பனிப்புயல் வருகிறது என்ற அறிவிப்பு வந்ததும் வட அமெரிக்கக் கிராமப்புறங்களில் குதிரை வளர்ப்போர் பலர் மூன்று காரியங்களில் இறங்குகிறார்கள். குதிரையைக் கொட்டிலில் அடைத்துக் கதவையும் சன்னலையும் இறுகச் சாத்துகிறார்கள். கனத்த போர்வையைப் போர்த்திக் கட்டுகிறார்கள். சுடச்சுடத் தவிட்டுக் கூழ் கிண்டி வைக்கிறார்கள். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: புயலில் குதிரையைக் கொல்வது குளிர்.

அன்போடு செய்யப்படும் காரியங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் நம்பிக்கை தவறானது. தவறு என்பதோடு நின்றிருந்தால்கூட விட்டுவிடலாம்; உண்மையான ஆபத்துகளின் பக்கம் கண் போகாமல் அது தடுத்துவிடுகிறது. நனைந்த உடம்பு, தடுப்பில்லாத காற்று, காலி வயிறு, தண்ணீர் இல்லாத தொட்டி ஆகிய நான்கும்தான் பனிக்காலத்தில் குதிரையைச் சாய்க்கின்றன. போர்வை வாங்கக் கடைக்கு ஓடுகிறவர் அந்த ஒரு மணி நேரத்தைத் தண்ணீர் பிடித்து வைக்கச் செலவிட்டிருந்தால் குதிரைக்கு எவ்வளவோ நல்லது செய்திருப்பார்.

2013 அக்டோபரில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அட்லஸ் என்று பெயரிடப்பட்ட புயல் அந்த மாதம் 3ஆம் தேதி தொடங்கி 5ஆம் தேதி வரை மாநிலத்தின் மேற்குப் பகுதியைப் புரட்டிப்போட்டது. ராபிட் சிட்டி நகரில் அரை மீட்டருக்கு மேல் பனி விழுந்தது. பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியில் உள்ள லீட் என்ற ஊரில் ஒரு மீட்டரையும் தாண்டியது. காற்று மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. இறந்தவை என்று அரசு பதிவுசெய்தது மட்டுமே சுமார் 14,000 மாடுகள். குதிரைகள் இருநூறுக்கும் மேல். வளர்ப்போர் சொன்ன கணக்கு இதைவிடப் பெரியது.

இத்தனைக்கும் அன்று அங்கே கடுங்குளிர் இல்லை. வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருந்தது. அந்தச் சமவெளியின் மந்தைகள் ஒவ்வொரு ஜனவரியிலும் அதைவிடப் பல மடங்கு கொடிய குளிரை வெட்டவெளியில் தாங்குபவை. அக்டோபர் தொடக்கம் ஆனதால் அவற்றுக்குக் குளிர்கால மயிர் இன்னும் அடர்ந்து வளரவில்லை. கோடைக்கால மேய்ச்சல் நிலத்திலேயே நின்றிருந்தன. அங்கே ஒதுங்க மரமோ பள்ளத்தாக்கோ போதாது. முதலில் மணிக்கணக்கில் மழை கொட்டித் தோல்வரை நனைத்தது. அதன் பிறகே மழை பனியாக மாறியது, புயல்காற்றும் சேர்ந்தது. காற்று தள்ளிய திசையில் மைல்கணக்கில் நடந்த மந்தைகள் ஓடைகளிலும் வேலியோரங்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. வெப்பமானியைப் பார்த்து ஆபத்தை அளக்கிற பழக்கம் எவ்வளவு பெரிய ஏமாற்றத்தில் கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. மழையில் தொடங்கும் புயல்தான் கொடிய புயல்.

குதிரையின் உடம்பு குளிரை எப்படிச் சமாளிக்கிறது? குளிருக்குப் பழகிய, நல்ல உடற்கட்டுள்ள குதிரை பூஜ்யத்துக்குக் கீழ் 15 டிகிரி செல்சியஸ் வரை கூடுதல் ஆற்றல் எதையும் எரிக்காமல் உடல் சூட்டைக் காத்துக்கொள்கிறது என்று கனடாவின் சமவெளி மாகாணங்களில் நாடியா சிம்பாலுக் போன்றோர் நடத்திய ஆய்வுகள் காட்டின. மிதமான வானிலைக்குப் பழகிய குதிரைக்கு அந்த எல்லை 5 டிகிரியிலேயே வந்துவிடும். இரண்டுக்கும் இடையில் உள்ள 20 டிகிரி வித்தியாசத்தைப் பெரும்பாலும் உண்டாக்குவது மயிரும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பும். குளிர்கால மயிர் வளரத் தொடங்குவது குளிரைப் பார்த்தல்ல. பகல் குறையக் குறைய, கோடை முடிவதற்கு முன்பே உடல் அதற்கான வேலையில் இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு மயிரின் வேரிலும் சிறு தசை உண்டு. குளிர் உறைத்தால் அது மயிரை நிமிர்த்தும். நிமிர்ந்த மயிர்களுக்கிடையே தங்கும் காற்றுதான் காப்பு. குதிரையின் முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடந்தால் பதற வேண்டாம். உள்ளேயிருக்கும் சூடு வெளியே வரவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

மெல்லிய போர்வை அந்த மயிரை அழுத்திப் படுக்கவைக்கிறது. நனைந்த போர்வையோ வெறும் உடம்பைவிடக் கேடு.

சூடு பிறக்கும் இடம் வேறு. குதிரையின் குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை இரவும் பகலும் நொதிக்கவைக்கின்றன. அந்த நொதித்தலில் வெளிப்படும் வெப்பம் உடம்பை உள்ளிருந்தே சூடாக வைத்திருக்கிறது. ஆகவே புயல் இரவில் குதிரைக்கு வேண்டியது காய்ந்த புல், தாராளமான காய்ந்த புல். 500 கிலோ எடையுள்ள குதிரை சாதாரண நாளில் எட்டு முதல் பத்துக் கிலோ தின்னும். அதன் தாங்கும் எல்லைக்குக் கீழே வெப்பநிலை இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் தீவனத்தைச் சுமார் இரண்டரை சதவீதம் கூட்ட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. குளிருக்குப் பழகிய குதிரையானாலும் பூஜ்யத்துக்குக் கீழ் 25 டிகிரி என்றால் கால் பங்கு கூடுதல். அந்தக் கூடுதலையும் தானியமாகக் கொட்டாமல் புல்லாகவே போட வேண்டும்.

தவிட்டுக் கூழின் கதையும் இங்கேயே முடிகிறது. 50 டிகிரிச் சூட்டில் ஐந்து கிலோ கூழ் வைத்தாலும், உடல் சூட்டுக்கு மேல் அது கொண்டுவருவது சுமார் 60 கிலோகலோரி. ஒரு கைப்பிடிப் புல்லில் அந்த ஆற்றல் இருக்கிறது. குதிரையின் ஒரு நாள் தேவையோ 16,000 கிலோகலோரிக்கு மேல். வழக்கமாகத் தவிடு தின்னாத குதிரைக்குத் திடீரென்று புயல் நாளில் அதைக் கொடுத்தால் குடல் நுண்ணுயிர்களின் சமநிலை குலையும், வயிற்றுவலி வரும். மனிதருக்கு இதமானது குதிரைக்கும் இதம் என்ற எண்ணம் தமிழ் மண்ணிலும் விலை கேட்டிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆயிரக்கணக்கில் வாங்கிவரப்பட்ட குதிரைகள் ஓராண்டுக்குள் பெரும்பாலும் மடிந்துபோனதைப் பதிவுசெய்திருக்கிறார். சோற்றோடு இறைச்சியைச் சமைத்துக் குதிரைக்கு ஊட்டினார்கள் என்றும், பேணத் தெரிந்தவர் இல்லை என்றும் எழுதுகிறார். வெயில் மண்ணின் பிழையும் பனி மண்ணின் பிழையும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

போர்வையே கூடாது என்று சொல்ல வரவில்லை. கிழட்டுக் குதிரை, மெலிந்த குதிரை, நோயிலிருந்து மீண்டுவரும் குதிரை, ஓட்டத்துக்காக மயிர் கத்தரிக்கப்பட்ட குதிரை, வெப்பமான ஊரிலிருந்து அண்மையில் வந்த குதிரை ஆகியவற்றுக்கு நீர் புகாத போர்வை வேண்டும். சைபீரியாவின் யாகூத்தியாவில் பூஜ்யத்துக்குக் கீழ் 50 டிகிரியிலும் வெளியில் மேயும் குட்டைக் குதிரைகளைக் காட்டி எல்லாக் குதிரையும் அப்படித்தான் என்று வாதிடுவதும் பிழை. அவை ஏறத்தாழ 800 ஆண்டுகளில் அந்தக் குளிருக்கு ஏற்ப மாறியவை என்று 2015இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. ஒவ்வொரு குதிரையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

முடிந்தால் குதிரையையே கேட்கலாம். நார்வே ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். 23 குதிரைகளுக்கு மூன்று பலகைச் சின்னங்களை அடையாளம் காட்டிப் பழக்கினார்கள்: ஒன்று போர்வை போடு, இன்னொன்று போர்வையை எடு, மூன்றாவது இருப்பது போதும். இரண்டு வாரத்துக்குள் அத்தனை குதிரைகளும் கற்றுக்கொண்டு மூக்கால் தொட்டுத் தம் விருப்பத்தைச் சொல்லின. இதமான நாளில் போர்வையைக் கழற்றச் சொன்னவையே ஈரமும் காற்றும் சேர்ந்த குளிர்நாளில் போர்வை கேட்டன. அந்த ஆய்வு 2016இல் வெளியானது.

இனி, இறுகச் சாத்திய கொட்டில். பத்துக் குதிரைகள் ஓர் இரவு முழுக்க மூச்சு விட்டு, சிறுநீர் கழித்துக் கிடக்கும் இடத்தில் காற்றோட்டம் இல்லையென்றால் சுவர் வியர்க்கும், அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும், புல்லின் தூசும் பூஞ்சையும் நுரையீரலில் இறங்கும். குதிரைகளுக்கு வரும் ஆஸ்துமாவுக்கு இதுதான் விளைநிலம். வெளியே மூன்று பக்கம் அடைத்து, காற்றடிக்காத நான்காவது பக்கம் திறந்த ஒரு கூரை போதும். அது இல்லாத இடத்தில் அடர்ந்த மரவரிசை போதும். கொட்டிலில்தான் கட்ட வேண்டும் என்றால் கூரையோரத் திறப்புகளையாவது திறந்துவைக்க வேண்டும். சூடேற்றுகிறேன் என்று வெப்ப விளக்கைத் தொங்கவிடுவது எல்லாவற்றிலும் மோசம். காய்ந்த புல்லும் மரப்பலகையும் நிறைந்த கட்டடத்தில், சாலை மூடிக் கிடக்கும் இரவில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி எப்படி வந்து சேரும்?

எல்லாவற்றையும்விடத் தீங்கான நம்பிக்கை ஒன்று பாக்கியிருக்கிறது: பனி சூழ்ந்திருக்கையில் குதிரை பனியைத் தின்று தாகம் தணித்துக்கொள்ளும் என்பது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். புதிதாக விழுந்த பனி பத்து லிட்டர் அள்ளினால் உருகி வருவது ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆக, 30 லிட்டர் தண்ணீருக்குக் குதிரை 300 லிட்டர் பனியை வாயில் அள்ள வேண்டும். அத்தனை பனியை உருக்கி உடல் சூட்டுக்குக் கொண்டுவர மட்டும் சுமார் 3,500 கிலோகலோரி செலவாகும். அதாவது, ஒரு நாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. குளிரிலிருந்து காப்பதாகச் சொல்லிப் போர்வை போர்த்துகிறவரே இந்த நம்பிக்கையால் குதிரையின் உடல் சூட்டைக் கொள்ளை கொடுக்கிறார்.

அதன் விளைவு உடனே தெரியாது. காய்ந்த புல் நிறையத் தின்று, தண்ணீர் குறைவாகக் குடித்த குதிரையின் பெருங்குடலில் உணவு இறுகிக் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். புயல் ஓய்ந்து எல்லோரும் மூச்சு விடுகிற நேரத்தில்தான் குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், தரையில் புரளும். பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், குளிர்நாளில் தண்ணீரைச் சூடாக்கி வைத்தபோது மட்டக்குதிரைகள் சுமார் 40 சதவீதம் கூடுதலாகக் குடித்தன. கூழுக்கு அடுப்பு மூட்டுகிறவர் அந்த வெந்நீரைத் தொட்டியில் ஊற்றினாலே போதும்.

இங்கேதான் குதிரையின் கதையும் வீட்டின் கதையும் ஒன்றாகின்றன. அமெரிக்கக் கிராமப்புற வீடுகள் பலவற்றில் நகராட்சிக் குழாய் கிடையாது. சொந்தக் கிணறு, அதில் மின்மோட்டார். மின்கம்பி அறுந்தால் விளக்கு அணைவதோடு குழாயும் வற்றிவிடும், தொட்டியை உறையாமல் காக்கும் மின்சூடேற்றியும் நின்றுவிடும். இரண்டு குதிரைகளுக்கு மூன்று நாளைக்கு 240 லிட்டர் வேண்டும். வீட்டார் தேவை தனி. பீப்பாய், தொட்டி, குளியல்தொட்டி என்று அகப்பட்டதையெல்லாம் புயலுக்கு முந்தின நாளே நிரப்பி வைக்க வேண்டும். வெளித்தொட்டியில் படியும் பனிக்கட்டியை நாளுக்கு இரண்டு மூன்று முறை உடைக்கக் கோடரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஜெனரேட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் கவனிக்க வேண்டியது உண்டு. 2021 பிப்ரவரியில் அடித்த பனிப்புயலில் டெக்சாஸில் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இருளில் மூழ்கின. அந்தப் புயலில் 246 பேர் இறந்ததாக மாநில அரசு கணக்கிட்டது. வீட்டைச் சூடாக்க முயன்று கார்பன் மோனாக்சைடு நச்சால் மாண்டவர்களும் அதில் அடக்கம். ஜெனரேட்டர் வீட்டிலிருந்தும் கொட்டிலிலிருந்தும் குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகை சன்னல் பக்கம் திரும்பாதபடி நிற்க வேண்டும். வீட்டுக்கும் கொட்டிலுக்கும் இடையே கயிறு கட்டுவது பழங்காலத்து வழக்கம் என்று ஒதுக்கவும் வேண்டாம். 1888 ஜனவரி 12 அன்று டகோட்டா, நெப்ராஸ்கா சமவெளிகளில் காலை இதமாக விடிந்தது. கனத்த சட்டைகூட இல்லாமல் பலர் வெளியே போயிருந்தபோது திடீரென்று புயல் இறங்கி, இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கண்ணை மறைக்கும் பனியில் சொந்த வாசலுக்குப் பக்கத்திலேயே வழி தப்பியவர்கள் உண்டு.

குளிரின் தாயகமான மங்கோலியாவின் மேய்ச்சல்காரர்கள் இதையெல்லாம் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். மந்தைகளை அழிக்கும் கொடிய குளிர்காலத்தை அவர்கள் வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆழப் பனி புல்லை மூடிவிடுவது ஒரு வகை, உருகி மறுபடி உறைந்த பனிக்கட்டி புல்லைப் பூட்டிவிடுவது இன்னொன்று. பனியே விழாமல் போய், பனியை நம்பியிருந்த கால்நடை தாகத்தில் சாவது மற்றொன்று. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவது பசியும் தாகமும்தான். 2009–10 குளிர்காலத்தில் அந்நாடு தன் கால்நடைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்தது.

புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் முதலில் பார்க்க வேண்டியது குதிரையின் லத்தி. நலமாயிருக்கும் குதிரை நாளுக்கு ஏழெட்டு முறையாவது லத்தி போடும். எண்ணிக்கை குறைந்தாலோ, உருண்டைகள் சிறுத்து உலர்ந்திருந்தாலோ, புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாலோ உடனே கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அவர் வந்து சேரும் சாலையை வாரித் திறக்கவே ஒரு நாள் ஆகலாம்.