வண்டி மகனுக்கு, கடன் தகப்பனுக்கு!

குடும்பத்தோடு பார்க்கலாம் என்று சிபாரிசு செய்யப்படும் ஆங்கிலப் படங்களில் ஒன்று "கார்ட் ரேசர்". 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஸ்டூவர்ட் கில்லார்டு டைரக்ட் செய்தார்; ராண்டி குவெயிட் தகப்பனாக நடித்தார். 14 வயதுப் பையனுக்கும் தகப்பனுக்கும் மனம் ஒட்டவில்லை. தகப்பனோ ஒரு காலத்தில் கார்ட் பந்தயத்தில் பெயர் எடுத்தவர். அதே வண்டியில் இப்போது மகன் ஏறுகிறான். வண்டி இருவரையும் சேர்த்து வைக்கிறது. இவ்வளவுதான் கதை.

படத்தைக் குறை சொல்ல நாம் வரவில்லை. தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்று தெரியாமல் திண்டாடும் தகப்பன்மார் எந்த தேசத்திலும் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து குனிந்து ஓர் எஞ்சினைக் கழற்றிப் பூட்டினால் பாதிக் கோபம் அங்கேயே கரைந்து போகும் என்பது மிஷினில் வேலை செய்கிற தோழர்களுக்குத் தெரிந்த சங்கதி. அந்த அளவுக்கு இந்த மாதிரிப் படங்கள் உண்மையைத்தான் சொல்கின்றன.

ஆனால் ஒரு கேள்வி. வண்டிக்குப் பணம் கொடுத்தது யார்? இந்த வகைப் படங்களில் பணம் ஒரு பெரிய விஷயமே அல்ல. தகப்பனுக்குப் பாசம் வந்துவிட்டால் போதும், கடைசி ரீலில் கோப்பை கைக்கு வந்துவிடும். வாஸ்தவத்தில் நடப்பது என்ன?

முதலில் வண்டியைப் பார்ப்போம். இரும்புக் குழாய்களை வெல்டு வைத்து ஒரு சட்டம். நான்கு சின்னச் சக்கரம். தரையை உரசுகிற மாதிரி ஓர் இருக்கை. ஒரு சின்ன எஞ்சின், அதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு செயின். கூரை கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. திருப்பம் வந்தால் சட்டமே வளைந்து கொடுக்க வேண்டும். இதை முதன்முதலில் செய்தவர் எந்தப் பிரபுவும் அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் "கர்ட்டிஸ் கிராஃப்ட்" என்ற பந்தயக் கார்ப் பட்டறையில் வேலை பார்த்த ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர்தான் 1956இல் செய்தார். லூ பொரெல்லி என்ற நண்பர் கூட இருந்தார். எஞ்சின் எது தெரியுமா? புல் வெட்டும் மிஷினுக்கென்று செய்தது! பட்டறைக்காரர் ஒருவர் தமாஷுக்காகச் செய்த வண்டி அது.

இன்றைக்கு உலகத்தின் பெரிய மோட்டார் பந்தயமான பார்முலா ஒன்றில் ஓட்டுகிறவர்கள் ஏறத்தாழ எல்லோருமே சிறு வயதில் இந்த வண்டியில்தான் பழகியவர்கள். ஏணியின் முதல் படி இது. படி எப்போது ஏணியாயிற்றோ, அப்போதே அதற்கு விலையும் ஏறிவிட்டது. டயர் சீக்கிரம் தேயும், எஞ்சினை அடிக்கடி பிரித்துச் சீர் செய்ய வேண்டும், ஊர் ஊராக வண்டியைக் கொண்டு போக வேண்டும், போட்டிக்குப் போட்டி கட்டணம் கட்ட வேண்டும்.

ஜெர்மனியில் கெர்ப்பன் என்ற ஊரில் ரோல்ஃப் ஷூமாக்கர் என்று ஒரு கொத்தனார் இருந்தார். மகன் மைக்கேலின் பெடல் வண்டிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினை மாட்டிக் கொடுத்தார். பையனுக்கு அப்போது 4 வயது. அந்த ஊர்க் கார்ட் மைதானத்தில் வண்டிகளை ரிப்பேர் செய்வது அவருக்கு இரண்டாவது வேலை ஆயிற்று. பையனுடைய தாயார் எலிசபெத் அங்கே கேண்டீனில் வேலை பார்த்தார். (தகப்பன்-மகன் பாசம் என்று படம் எடுக்கிறவர்கள் கேண்டீனில் நிற்கிற தாயை வசதியாக மறந்துவிடுகிறார்கள்!) ஒரு சமயம் புது எஞ்சின் வேண்டியிருந்தது. விலை 800 மார்க். பெற்றோரால் கொடுக்க முடியவில்லை. உள்ளூர் வியாபாரிகள் சிலர் கை கொடுத்ததால்தான் பையன் தொடர்ந்து ஓட்டினான். பின்னால் ஏழு தடவை உலக சாம்பியன் ஆனவர் அவர். அந்த 800 மார்க் கிடைக்காமல் போயிருந்தால்?

அதே ஏழு தடவை ஜெயித்த இன்னொருவர் இங்கிலாந்தின் லூயிஸ் ஹாமில்டன். கிரெனடா தீவிலிருந்து 1950களில் பிழைக்க வந்த குடும்பம். தகப்பனார் அந்தோணி, மகனுடைய வண்டிக்காக ஒரே சமயத்தில் பல வேலைகள் பார்த்தார். பாத்திரம் கழுவினார், வீட்டுத் தரகர்களுடைய விளம்பரப் பலகை நட்டார். 1998இல் மக்லாரன் கம்பெனி 13 வயதுப் பையனைச் சேர்த்துக் கொண்ட பிறகுதான் மூச்சு விட்டார்கள். உழைப்பாளிக் குடும்பத்துப் பையன் இன்றைக்கு இதைத் தொடங்கினால் இந்த இடத்துக்கு வரவே முடியாது என்று ஹாமில்டனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நாம் சொன்னால் பொறாமை என்பார்கள். ஜெயித்தவரே சொல்கிறார்.

இனி மூன்றாவது பையன். பிரான்ஸ் தேசத்து எஸ்டபன் ஓக்கான், 1996இல் பிறந்தவர். தகப்பனார் மோட்டார் மெக்கானிக். மகனுடைய பந்தயச் செலவுக்காகத் தாயும் தகப்பனும் குடியிருந்த வீட்டை விற்றார்கள். படுக்கை வைத்த கேரவன் வண்டியில் குடியேறினார்கள். அதையே ஓட்டிக்கொண்டு பந்தயத்துக்குப் பந்தயம் போனார்கள். பாசத்துக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பையனும் ஏமாற்றவில்லை. 2017இல் "போர்ஸ் இந்தியா" அணியில் இடம் பிடித்தார்.

பெயரில்தான் இந்தியா. இருந்தது இங்கிலாந்தில். நடத்தியவர் விஜய் மல்லையா. அவருடைய கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் காணாமல் தெருவுக்கு வந்தது 2012இல். 2018இல் அந்த அணியும் திவால் நிலைக்குப் போயிற்று. லாரன்ஸ் ஸ்ட்ரோல் என்ற கனடா நாட்டுக் கோடீஸ்வரரும் கூட்டாளிகளும் சேர்ந்து வாங்கினார்கள். 400 பேருக்கு மேல் வேலை தப்பியது. அதை நாம் மறைக்க மாட்டோம். ஆனால் அந்தக் கோடீஸ்வரருக்கும் ஒரு மகன் இருந்தார். அவரும் பந்தயக்காரர். 2019இல் மெக்கானிக் மகனின் இடம் முதலாளி மகனுக்குப் போயிற்று.

லான்ஸ் ஸ்ட்ரோல் என்ற அந்தப் பையனை நாம் ஏசப் போவதில்லை. 18 வயதிலேயே பாகூ நகரப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவர். ஓட்டத் தெரியாதவர் அல்ல. அவருடைய தகப்பனுக்கும் பாசம் உண்டு. மகனுக்காக அணியையே வாங்கியவர் அல்லவா! ஒரு தகப்பன் வீட்டை விற்றான், இன்னொரு தகப்பன் அணியை வாங்கினான். பாசத்தில் யாருக்குக் குறைச்சல்? பண மூட்டையில்தான் வித்தியாசம். அந்த மூட்டை டாமி ஹில்ஃபிகர், மைக்கேல் கோர்ஸ் முதலிய ஆடைக் கம்பெனிகளில் சேர்ந்தது என்பதை, நூல் நூற்கும் தோழர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டை விற்ற தகப்பனின் மகன் வண்டியில் ஏறும்போது, விற்ற வீடும் அவனோடு ஏறி உட்காருகிறது. தோற்றால் தோற்பது அவன் மட்டுமா? 14 வயதுப் பிள்ளையின் தலையில் இப்படியொரு பாரத்தை வைக்கலாமா என்று அந்தப் பெற்றோரைக் கேட்பது சுலபம். பிள்ளைக்குத் திறமை இருக்கிறது, கையில் காசு இல்லை என்ற நிலைமையில் நின்று பார்த்தவர்களுக்கு அப்படிக் கேட்க வாய் வராது. ஒரு ஊர்க் கிளப்பில் பொது வண்டியும் பொது எஞ்சினும் வைத்து, வரிசையாக ஓட்டச் சொன்னால் யார் கெட்டிக்காரன் என்பது தெரிந்துவிடும். அப்படிச் செய்ய யாருக்கு மனம் வருகிறது?

ஓக்கான் 2019 முழுவதும் மெர்சிடிஸ் அணியின் மாற்று ஓட்டுநராக, மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். 2020இல் ரெனோ கம்பெனி இடம் கொடுத்தது. 2021 ஆகஸ்டு 1இல் ஹங்கேரி தேசத்துப் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். இதையும் குடும்பச் சித்திரமாக எடுக்கிறவர்கள் எடுக்கட்டும். கோப்பையைக் காட்டுவதற்கு முன்னால் அந்தக் கேரவனை உள்ளே போய்க் காட்டட்டும். அடுப்பு எங்கே இருந்தது, அந்தத் தாய் எங்கே படுத்தாள் என்று பார்ப்போம்.