எஞ்சின் மட்டும் போதுமா?

மகேந்திரகிரி என்றால் நெல்லைக்காரர்களுக்கு ஒரு தனி கெத்து. ககன்யானில் மனிதர்களை ஏற்றிப் போகும் ராக்கெட்டின் விகாஸ் எஞ்சின், கிரையோஜெனிக் எஞ்சின் எல்லாம் சோதிக்கப்பட்டது அங்கேதான். சரி... போனவர்கள் திரும்பி விழப் போவது கடலில் ஆயிற்றே! 2023 அக்டோபர் 21 அன்று ஆளில்லாமல் நடந்த சோதனையில் கலன் வங்கக்கடலில் தலைகீழாக மிதந்தது. கடற்படைதான் மீட்டது.

கடலில் விழுந்த பிறகு எஞ்சினால் ஒரு பயனும் இல்லை. 1962 மே 24 அன்று ஸ்காட் கார்பென்டர் குறித்த இடத்தைத் தாண்டி சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கில் இறங்கினார். கூட இருந்தது ஒரு சின்ன ரப்பர் படகு. (அதையும் முதலில் தலைகீழாகத்தான் விரித்தார்!) அதில் உட்கார்ந்தபடி சுமார் 3 மணி நேரம் ஹெலிகாப்டருக்குக் காத்திருந்தார். அன்றைய விண்வெளி வீரர்களின் பையில் வேறென்ன? வெயிலைத் திருப்பிக் காட்ட ஒரு கண்ணாடி, விமானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி கடல்நீரில் கரையும் சாயம், கத்தி, சுறாவை விரட்டும் மருந்து. எல்லாம் சில்லறைச் சாமான்கள்.

அதே மாவட்டத்தின் உவரியிலும் இடிந்தகரையிலும் தினமும் வள்ளங்கள் கடலுக்குப் போகின்றன. 2017 ஒக்கி புயலின்போது, பக்கத்துக் குமரி மாவட்டத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு எச்சரிக்கையே எட்டவில்லை. அதன்பின் இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர்கள் படகுகளுக்குத் தரப்படுகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் கண்ணாடிக்கு பேட்டரி வேண்டாம். சாயத்துக்கு சிக்னல் வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டோடு இந்த இரண்டையும் ஒவ்வொரு வள்ளத்துக்கும் அரசு கொடுத்தால் என்ன, கஜானா காலியாகிவிடுமா?