அழிக்கத் தக்கதும் தகாததும்

வட்டில் இடமில்லையெனக் கணினி அறிவித்ததும் கண்டதையெல்லாம் அழிக்க முற்படும் மாணவர்க்கு ஒரு சொல் கூற விரும்புகின்றோம்.

நிழற்படங்கள் நிறைந்த கோப்புறையைத் திறந்தால், ஒவ்வொன்றுக்கும் சிறுபடமொன்றை விண்டோஸ் ஆக்கி, அடுத்த முறை விரைந்து காட்டுதற்பொருட்டுச் சேமித்து வைக்கின்றது. இத்தகைய சேமிப்பே 'கேஷ்' எனப்படுவது. மூலப்படம் இருக்கும்வரை இதனை அழிப்பதால் இழப்பில்லை. கோப்புறையை மீண்டும் திறக்கையில் சிறுபடம் புதிதாய் உண்டாகும். சிறிது தாமதம், அவ்வளவே.

விண்டோஸ் 11இல் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்', 'டெம்பரரி பைல்ஸ்' என்ற வழியே சென்றால் அழிப்பதற்குரியவற்றின் பட்டியல் தோன்றும். ஆனால், அப்பட்டியலிலேயே 'டவுன்லோட்ஸ்' என்பதும் இடம்பெறுகின்றது. அது கேஷ் அன்று; நாம் இறக்கிவைத்த பாடக்குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் இருக்குமிடம். அதற்கும் அடையாளமிட்டு நீக்கினால் அவையும் உடன் மறையும்.

தானே மீள உண்டாவது எது, உண்டாகாதது எது என்று தேர்ந்து அழித்தலே அறிவுடைமை.