பெயரும் பாத்தியதையும்

ஜவ்வாது மலையில், காவலூரில் நிற்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986-ம் வருஷம் ஜனவரி மாதம் விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அதை நம் தேசத்தின் ஆக்கம் என்று சொல்ல நாம் கூசவேண்டியதில்லை. திட்டம் வகுத்தவர்களும், பெங்களூர்ப் பட்டறையில் அதன் பெருங்கண்ணாடியைத் தேய்த்து மெருகிட்டவர்களும் நம்மவர்களே என்பது பிரசித்தமான விஷயம்.

2023-ம் வருஷம் ஜனவரியில், சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த கம்பெனி ஒன்று ‘பார்ஓஎஸ்’ என்னும் கைபேசி இயங்குதளத்தை வெளியிட்டது. மத்திய மந்திரிகள் அதைச் சுதேசி என்று கொண்டாடியபொழுது நமக்கு அத்தகைய நிச்சயம் உண்டாகவில்லை. ஆண்ட்ராய்டின் பொது மூலநிரலே அதற்கு அஸ்திவாரம். அன்னிய மில் துணியில் கதர் முத்திரை குத்தினால் அது கதராகிவிடுமா என்று கேட்பவர்களைத் தேசத் துரோகிகள் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் பிறர் நிரலை எடுத்தாண்டது குற்றமன்று. ஆண்ட்ராய்டின் பெரும்பகுதியை எவரும் எடுத்து மாற்றி விற்கலாம். மாற்றத்தை வெளியிட வேண்டிய கட்டாயமும் இல்லை. அதன் அடித்தளமான லினக்ஸுக்கோ சட்டம் வேறு: திருத்திய நிரலைப் பிறருக்கு வழங்குபவர், பெற்றவர் கேட்டால் மூலத்தையும் தந்தாக வேண்டும். ‘ஆண்ட்ராய்டு’ என்ற பெயர் மாத்திரம் கூகிள் கம்பெனியின் வியாபாரச் சின்னம். நிரல் ஊர்ப் பொதுக் கிணறு; பெயர் தனியார் வீட்டுக் கதவு.

பெயரை அலட்சியம் செய்வதும் ஆபத்தே. 1991-ல் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் பெயரை, அதன் ஆக்கத்தில் பங்கு கொண்டவராக அறியப்படாத அமெரிக்கர் ஒருவர் தம் பேரில் பதிவு செய்துகொண்டு, 1996-ல் அதைக் கையாண்டவர்களிடம் கப்பம் கேட்டார். வியாஜ்யம் தொடுத்த பிறகு, 1997-ல்தான் அது டோர்வால்ட்ஸ் வசம் வந்தது. நிரலைப் பற்றியும் இத்தகைய வழக்கு நடந்ததுண்டு. யூனிக்ஸ் நிரல் தன்னுடையதென்று 2003 முதல் பெரும் ஆர்ப்பாட்டம் செய்தது எஸ்.ஸி.ஓ. கம்பெனி. காப்புரிமை நாவெல் கம்பெனியுடையதே என்று 2010-ல் ஜூரர்கள் தீர்த்தனர். ஏழு வருஷக் கூச்சலில் கொழுத்தவர்கள் நம் தொழிலைச் சேர்ந்த வக்கீல்களே!

ஆகவே, சுதேசி என்ற பெயருடன் ஸர்க்காரின் ஆதரவை நாடும் எந்த இயங்குதளமும் எதை இரவல் வாங்கிற்று, எதைத் தானே எழுதிற்று என்று வரி வரியாக ஜனங்கள் முன் வைக்கட்டும். கட்டாயமில்லாத பகுதிகளுக்கும் ஸர்க்கார் இதை நிபந்தனையாக்க வேண்டும். ஜவ்வாது மலைப் பள்ளியில் படிக்கும் பையனும் அந்த வரிகளைத் திறந்து பார்த்துக் கற்க இடமிருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத சரக்குக்குப் பொதுப் பணத்தில் ஒரு காசும் கொடுக்கலாகாது என்பதே நமது அபிப்பிராயம்.