மிலிட்டரி வண்டியும் மண்டிக் கணக்கும்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது இளம் உறுப்பினர் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்து ஒரு யோசனை கேட்டார். இராணுவத்தில் ஓடிக் கழித்த டீசல் பிக்கப் ஒன்று விலைக்கு வருகிறதாம். புது வண்டி விலையில் கால் பங்குதானாம். தகடு நல்ல கனம். கடைக்கு அன்றாடம் ஓட்ட வாங்கலாமா என்பது கேள்வி. "உங்களிடம் ஒன்று இருக்கிறதே ஐயா, அதனால்தான் கேட்கிறேன்" என்றார். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற சங்கதி அல்ல என்பதால் இங்கே எழுதுகிறோம்.

நம்மிடம் இருப்பது உண்மைதான். 1998-இல் வாங்கிய நிஸ்ஸான் ஒன் டன். கீழவாசலில் அது நிற்கும் இடத்தையும், காலையில் அது கிளம்பும் சத்தத்தையும் பழைய உறுப்பினர்கள் அறிவார்கள்.

டிஸ்போசல் வண்டி மீது நம்மவர்களுக்கு உள்ள நம்பிக்கை இன்று நேற்று வந்ததல்ல. இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்ததும் இராணுவம் விட்டுச் சென்ற ஜீப்புகளும் லாரிகளும் ஏலத்துக்கு வந்தன. பெட்ரோல் ரேஷனில் கரி வாயு போட்டு பஸ் ஓட்டிக் கொண்டிருந்த காலத்துக்கு அவை பெரிய வரம். நம் தந்தையார் தலைமுறையில் மோட்டார் தொழிலுக்கு வந்தவர் பலருக்கு முதல் வண்டி அப்படி வந்ததுதான். பிலிப்பைன்ஸ் நாட்டில் அமெரிக்கப் படை விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி 'ஜீப்னி' என்று ஊர் வண்டியாகவே ஆக்கிக் கொண்டார்கள். அன்றைக்குப் புது வண்டி கிடைக்காது, கிடைத்ததை வாங்கினார்கள். இன்றைக்கு நிலைமை அதுவல்ல என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இந்த ஒன் டன் வண்டி, ஜப்பானிய நிஸ்ஸான் கம்பெனியின் உரிமம் பெற்று ஜபல்பூரில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை இராணுவத்துக்காகச் செய்தது. இதன் தம்பிதான் ஜோங்கா. கிரிக்கெட் வீரர் தோனி 2019-இல் ஒரு ஜோங்கா வாங்கிய செய்தி வந்ததிலிருந்து இந்த வண்டிகளை விசாரிக்கும் இளைஞர்கள் அதிகமாகிவிட்டார்கள். தோனிக்கு அரிசி மூட்டை ஏற்ற வேண்டிய அவசியமில்லை.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இராணுவத்தில் இருந்தபோது இரண்டும் பெட்ரோல் வண்டிகள். ஏறத்தாழ நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். அந்தத் தீனி சர்க்காருக்குக் கட்டும், நமக்குக் கட்டாது. எனவே வெளியே வந்ததும் அந்த எஞ்சினை இறக்கிவிட்டு ஏதாவது ஒரு டீசல் எஞ்சினைப் பட்டறையில் வைத்து விடுவார்கள். நம் வண்டியில் இருப்பது டாடா 407-இன் எஞ்சின். பிறவியிலேயே டீசலாக ஜபல்பூரில் செய்தது சக்திமான். ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் 1959 முதல் வந்தது. ஆனால் அது பெரிய லாரி, கடைக்கு ஆகாது. ஆகவே 'மிலிட்டரி டீசல் பிக்கப்' என்று தரகர் சொன்னால், டீசல் எப்போது ஏறியது, யார் ஏற்றியது, அது ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். நாம் 1998-இல் இதைக் கேட்கவில்லை. அதன் பலனைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் கணக்கு. நம் வண்டி லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுக்கும். நல்ல சாலை என்றாலும் அவ்வளவுதான். இன்றைய ஒன்றேகால் டன் பிக்கப் பாரத்தோடு பன்னிரண்டு கொடுக்கிறது. நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 2.4 லிட்டர் வித்தியாசம். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றே வைத்துக் கொள்ளுங்கள். நாளைக்கு 215 ரூபாய். வருஷத்தில் 300 நாள் கடை திறந்தால் 64,500 ரூபாய். இதில் கிளட்ச் இல்லை, வீல் சிலிண்டர் இல்லை, வண்டி பட்டறையில் கிடக்கும் நாளில் வெளி வண்டிக்குக் கொடுக்கும் வாடகை இல்லை. விலையில் மிச்சம் பிடித்ததை டீசல் பங்க்கில் தவணையாகக் கட்டி முடித்து விடுவோம்.

உதிரி பாகம் தனிக் கதை. சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினால் கிடைக்கும், கிடைக்காமலும் வரலாம். ஒரு ஆக்சில் சாஃப்டுக்காக நம் வண்டி பதினெட்டு நாள் நின்றது. இந்த வண்டியின் நாடி தெரிந்த மெக்கானிக் தஞ்சையில் ஒருவர் இருந்தார். வயதாகி வீட்டோடு இருக்கிறார். இன்னொன்று, டிப்போவில் வெயிலிலும் மழையிலும் வருஷக் கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியின் மீட்டர் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்து மயங்கக் கூடாது. ஓடித் தேய்வது இரும்பு. நின்று கெடுவது ரப்பர். பிரேக் கப், ஹோஸ், ஆயில் சீல் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒரு மூட்டைகூட ஏற்றக் கூடாது.

'ஒன் டன்' என்ற பெயரும் ஏமாற்றும். காடு மேட்டில் ஓடும்போது ஏற்றும் பாரம் அது, தார்ச்சாலையில் இரண்டு டன் தாங்கும் என்பார் தரகர். தாங்கும்தான். ஆனால் பிரேக் தாங்குமா? ஒரு டன் என்பது இருபத்தாறு கிலோ பையில் முப்பத்தெட்டுப் பை. (2022 ஜூலையில் இருபத்தைந்து கிலோ வரையிலான பைக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் ஆலைகள் இருபத்தாறு கிலோவுக்குத் தாவியதை நாம் எல்லோரும் பார்த்தோம்.) முப்பத்தெட்டுப் பைக்கு மேல் ஏற்றாமல் எந்த மண்டிக்காரர் கையைக் கட்டிக் கொண்டு நிற்பார்?

"நான்கு சக்கரமும் இழுக்குமே, நம் வயல்காட்டுச் சேற்றுக்கு ஏற்றதல்லவா?" என்பார்கள். நாமும் அப்படி நினைத்துத்தான் வாங்கினோம். போடி, குமுளிப் பக்கம் ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கு அது தினமும் வேண்டும். அங்கே சாலையே அப்படி. நம் சீமை சமதரை. குறுவை அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக் கொள்ளும்போது களத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு நெல்லைக் கொண்டு வர ஊருக்கு ஊர் டிராக்டர் வாடகைக்கு நிற்கிறது. ஒரு வருஷம் நம் டிரைவரிடம் எழுதி வைக்கச் சொன்னோம். நான்கு சக்கரமும் போட்டது அந்த வருஷம் முழுவதும் பதினோரு நாள். பதினோரு நாள் வேலைக்காக மிச்ச நாளெல்லாம் அந்தக் கனத்துக்கு டீசல் ஊற்றினோம்.

இனி பலனைச் சொல்கிறோம். 2011-இல், அம்மாபேட்டைக்கு அப்பால், சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்த நாள். எதிரே பஸ். நம் டிரைவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நெல்லில் வழுக்கி வாய்க்காலில் இறங்கிவிட்டது. மூட்டை மேல் உட்கார்ந்து வந்த சுமைதூக்கும் தொழிலாளிக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஆறு மாதம் அவரால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. மூட்டை தூக்கும் வேலைக்குத் திரும்பவே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி ஆர்.சி.யைப் பார்த்தது. அதில் பெட்ரோல், வேறு எஞ்சின் எண். ஒரு பைசா கொடுக்கவில்லை. மருத்துவச் செலவும், அவர் குடும்பத்துக்கான தொகையும் நம் கையிலிருந்தே போயின. போனது நியாயமும்கூட. மூட்டை மேல் ஆளை உட்கார விட்டது நாம். பதின்மூன்று வருஷமாகப் பிரீமியம் கட்டியும் ஆர்.சி.யைப் பிரித்துப் பார்க்காததும் நாம்தான். பிறகுதான் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, எஞ்சின் மாற்றத்தை முறையாகப் பதிந்தோம்.

அதையும் இன்று சுலபம் என்று எண்ண வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஞ்சினை மாற்ற ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி வேண்டும். ஏற்கெனவே மாற்றிய வண்டியை 'நீங்கள் வாங்கிப் பிறகு பதிந்து கொள்ளலாம்' என்று விற்பவரிடம், பதிந்து விட்டு வரச் சொல்லுங்கள்.

மேல்நோக்கிய அம்புக்குறியோடு இருக்கும் இராணுவ எண் வெளியில் செல்லாது. இராணுவ உபயோகம் முடிந்ததும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புதிதாகப் பதிய வேண்டும். ஏல விற்பனைச் சான்று, டிப்போவை விட்டு வெளியே வந்த கேட் பாஸ், சேசிஸ் எண் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஏலத்தில் உடைப்பதற்கு மட்டும் என்று விற்கும் லாட்டுகள் உண்டு. அதில் ஒன்றை வேறொரு வண்டியின் காகிதத்தோடு காட்டி, நமக்கு அறிமுகமான மளிகை வியாபாரி ஒருவரிடம் நாற்பதாயிரம் முன்பணம் வாங்கிப் போனவரை இன்றுவரை காணோம். 2023 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருஷம் கடந்த அரசு வண்டிகளைப் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்கே அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்துவிட்டது. பாதுகாப்புப் பணிக்கான கவச வண்டி போன்ற சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. எனவே 'சர்க்கார் ஏல வண்டி, ஓட்டலாம்' என்று யாராவது பழைய வண்டியைக் காட்டினால் இருமுறை விசாரியுங்கள்.

ஆர்.சி.யில் சொந்த உபயோகம் என்று இருந்தால் அதில் வியாபாரச் சரக்கு ஏற்றக் கூடாது. சரக்கு வண்டியாகப் பதிய வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்றால் பெர்மிட் வேண்டாம்; எஃப்.சி. வேண்டும், அதுவும் எட்டு வருஷம் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும். இ-வே பில்லில் வண்டி எண் ஏறுகிற காலத்தில் இதையெல்லாம் மறைத்து ஓட்ட முடியாது. பச்சை நிறத்தையும் உடனே மாற்றி விடுங்கள். இராணுவத்தின் ஆலிவ் பச்சையை மற்றவர் அடிக்கக் கூடாது என்று மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. அழகுக்காக அதையே மறுபடி அடித்துக் கொள்ளும் பிள்ளைகள் கவனிக்க.

இவ்வளவும் சொன்ன பிறகு, பின் ஏன் விற்கவில்லை என்று அந்த இளம் உறுப்பினர் கேட்பார். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தது. ஒரத்தநாடு தாண்டிப் பட்டுக்கோட்டை வரை சாலை முழுக்க மரம். நமக்கு அங்கே முப்பது வருஷமாகச் சரக்கு வாங்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், போன் போகவில்லை. மறுநாள் அரிசி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, அரிவாள் இரண்டு ஏற்றிக் கொண்டு இந்த வண்டியில் கிளம்பினோம். வெட்ட முடிந்த மரத்தை வெட்டினோம். முடியாத இடத்தில் வண்டி வயலுக்குள் இறங்கிச் சேற்றில் ஊர்ந்து அந்தப் பக்கம் ஏறியது. மற்ற நாளில் ஒன்றரை மணி நேரத்தில் போகும் தூரத்துக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஆயிற்று. கூரை போன கடையின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நம் வாடிக்கையாளர், வண்டிச் சத்தத்தை வைத்தே நாம்தான் என்று தெரிந்து எழுந்து வந்தார். பாக்கிக் கணக்கைப் பற்றி அன்று இருவரும் பேசவில்லை. தொடர்ந்து பன்னிரண்டு நாள் அந்தத் தடத்தில் ஓடினோம். அந்த நாட்களை ஏழு கிலோமீட்டர் கணக்கில் நம்மால் எழுத முடியவில்லை.

அதனால் வைத்திருக்கிறோம், அன்றாட ஓட்டத்துக்கு அல்ல. அதற்கு 2019-இல் ஒரு சாதாரண பிக்கப் வாங்கி விட்டோம். கடைத்தெருவில் திரும்புகிறது, பிரேக் பிடிக்கிறது, உதிரி பாகம் தஞ்சையிலேயே கிடைக்கிறது. தம்பி கேட்ட வண்டிக்கு நம் பதில், வேண்டாம் என்பதே.

பழைய வண்டி எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் நடப்பில், வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் சங்கத்துக்குத் தேவைப்பட்டால் சாவி நம் மண்டியில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. டிரைவரையும் அனுப்பி வைக்கிறோம். டீசல் மட்டும் சங்கக் கணக்கில் ஊற்றிக் கொள்ளவும்.